வெள்ளி நகம்

இப்போதெல்லாம் சனங்களுக்கு வாங்கித் தின்பதில் கூச்சமே கிடையாது என்பது கண்ணுச்சாமியின் தீர்மானம். ஓசி என்றால் உள்ளவன், இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே வரிசை. கூலியை முந்தியில் முடிந்துகொண்டே வந்து சட்டியை நீட்டுகிறார்கள்.

அறுபத்தஞ்சில் அரிசி விலை ஏறியபோது விருதுநகர் வியாபாரிகள் பஜார் ஓரத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் எடுத்துவைத்த பிடி அரிசிதான் அதற்கு முதல். அகப்பை பிடிக்கிற வேலை கண்ணுச்சாமிக்கு. மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை சுமந்து முதுகு மடங்கி, வேலையை விட்டுவிட்ட மனுசன். சம்பளம் கிடையாது, கடைசியில் அவருக்கும் ஒரு கும்பா கஞ்சி உண்டு.

யாரையும் நம்ப மாட்டார். "கையக் காட்டு" என்பார். விரல் சிவந்திருந்தால் வத்தல் காம்பு கிள்ளுகிறவள். நகக்கண்ணில் பஞ்சு இருந்தால் மில்லுக்காரி. கூலி வாங்குகிற கைக்குக் கஞ்சி கிடையாது.

கார்த்திகையில் ஒருநாள் ரயில்வே கேட் பக்கத்துக் குடிசையிலிருந்து ராக்காயி வந்தாள். இடுப்பில் குழந்தை. நீட்டிய கையில் நகமெல்லாம் வெள்ளி பூசினமாதிரி மினுங்கியது.

"பட்டாசு ஆபீஸா?"

"ஆமாய்யா, சிவகாசியில மருந்து அடைக்கப் போனேன். இப்ப..."

"இப்ப என்னத்தா இப்ப? கூலி சிவகாசியில, கஞ்சி விருதுநகர்லயா? நல்லாருக்கே நாயம்! தள்ளு."

"நகத்துக்கே வெள்ளி போட்ட மகராசிக்குக் கஞ்சி எதுக்கு?" என்று வரிசையில் ஒருத்தன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ராக்காயி காலிச் சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கஞ்சி காய்ச்சுகிற ஆவுடைத்தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"அண்ணே, தீபாவளி முடிஞ்சதும் அவ வேலை பாத்த ஆபீஸப் பூட்டிட்டாக. ஆர்டர் வந்தாத்தான் தொறப்பாக. அந்த மருந்துப் பொடி கழுவினாப் போகாது, நகம் வளந்து வெட்டுனாத்தான் போகும்."

"சீயக்காய் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான?"

"உங்க தோள்ல மூட்டை ஏறுன காய்ப்பு இன்னும் கல்லு மாதிரி நிக்கே. நீங்க என்ன, இன்னும் மண்டியில கூலி வாங்குறீகளாக்கும்?"

கண்ணுச்சாமி அடுத்த சட்டியை இழுத்து ஊற்றினார். அன்றைக்குத் தன் கும்பாக் கஞ்சியைக் கேட் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று நினைத்தார். இவளுக கதையை நம்பி நடக்கவா என்றும் நினைத்தார். நினைத்தபடியே குடித்தும் முடித்தார்.

மறுநாள் ராக்காயி வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். கையில் கந்தல் துணி சுற்றியிருந்தது. கண்ணுச்சாமி பேசாமல் ஊற்றியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னத்தா, கைய மறைக்கே? துணிய அவுத்துக் காட்டு."

அவிழ்த்தாள். நகங்களைச் சுற்றித் தோல் உரிந்து, ஓரமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. நடுவில் அங்கங்கே வெள்ளி இன்னும் மினுங்கியது.

"செங்கல்ல ஒரைச்சேன்யா. இம்புட்டுத்தான் போச்சு."

கண்ணுச்சாமி ஒரு அகப்பை ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். மூன்றாவதை அள்ளும்போது அவள் சட்டியை இழுத்துக்கொண்டாள்.

"போதும்யா. மத்தவுகளுக்கு எம்புட்டோ, எனக்கும் அம்புட்டுப் போதும்."

சொன்னவள் இரண்டாவதாக ஊற்றிய கஞ்சியைத் தொட்டியிலேயே சாய்த்துவிட்டு நடந்தாள். அவர் கையிலிருந்த மூன்றாவது அகப்பை சரிந்து, கொதிக்கிற கஞ்சி காலில் சிந்தியது. காலை அவர் நகர்த்தவில்லை.

ஆவுடைத்தாய் அவருடைய கும்பாவை நிரப்பி வைத்தாள். "உக்காந்து குடிங்கண்ணே. நாளையிலருந்து இந்தக் கை பாக்குற சோலிய விட்டுருங்க."

"கையப் பாக்காம ஊத்துனா மண்டி மொதலாளியே சட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பான்."

"அந்தப் புள்ள கையக் கண்டப்புறமுமா?"

"கண்டேன். கண்டா என்ன? ஒருத்தி நெசஞ் சொன்னா, ஊரே நெசஞ் சொல்லுமா?"

கும்பாவைத் தொடாமல் எழுந்தார். துண்டை எடுத்துத் தோள் காய்ப்பு மறைகிறமாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டார். வெந்த காலைத் தாங்கித் தாங்கிப் பஜாரைப் பார்த்து நடந்தார். "கையப் பாக்கத்தான் செய்வேன்" என்று போகிறபோக்கில் சொன்னார். பாப்பீகளா என்று அவரை யாரும் கேட்கவில்லை.