பங்குனி முடிச்சுகள்

கோமாளி சின்னராஜுக்கு வருமான வரி நோட்டீஸ் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஆளுக்கு ஆடிட்டராக இருப்பதற்கு மாடு மேய்க்கலாம் என்று என் மனைவியிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நாடகத்தில் கோமாளி வேஷம். சேலம் ஜில்லாவில் எந்த ஊர் மாரியம்மன் பண்டிகையானாலும், அவர் மேடையில் தும்மினால் போதும், ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

தகராறெல்லாம் தேதியில்தான். அவருடைய கணக்கு வருஷம் சித்திரை ஒன்றில் ஆரம்பித்துப் பங்குனிக் கடைசியில் முடியும். அந்தக் காலத்தில் அது செல்லும். ஆனால் சித்திரை, வைகாசி நாடகங்களுக்குப் பங்குனியிலேயே பணம் வந்துவிடும். ஊர்க்காரர்கள் மஞ்சள் துணியில் முடிந்து, அம்மன் முன்னால் வைத்து எடுத்து, அவர் கையில் கொடுப்பார்கள். நம் கோமாளி மகாராஜன் அதை அவிழ்க்க மாட்டார். நாடகம் முடிந்து வேஷம் கலைத்த பிறகுதான் அவிழ்ப்பார். மழை வந்து நாடகம் நின்றால் முடிச்சு அப்படியே ஊருக்குத் திரும்பும். அதனால் பங்குனியில் வந்த பணத்தை அடுத்த வருஷத்து வரவாக எழுதிவந்தார்.

புதிதாக வந்த அதிகாரி வேலுமணி விடவில்லை. கைக்கு வந்த தேதிதான் கணக்கு. இனிமேல் பங்குனிக் கடைசியில் எல்லா முடிச்சையும் அவிழ்த்து எண்ணி அந்த வருஷத்திலேயே எழுத வேண்டும் என்று நோட்டீஸ் விட்டார்.

"வரி ரெண்டாயிரத்துச் சொச்சம் கூடும்," என்றேன் சின்னராஜிடம்.

"பணம் போனாப் போகுதுங்க. அவுக்கச் சொல்லாம மட்டும் பாத்துக்கங்க. முன்னாடியே அவுத்துட்டா அந்த ஊர்ல என்னால ஆட முடியாதுங்க."

"ஏன், சாமி குத்தமா?"

"அதெல்லாம் இல்லீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மேடையில் மூன்று மணி நேரம் ஓயாத வாய்! எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு சந்தேகமும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். நாடகத்துக்குத் தொகை பேசி ஊர்க்காரர்கள் எழுதிய கடுதாசியில் ஐந்நூறு என்று இருக்கும். இவர் வரவு நோட்டில் முந்நூறு, இருநூற்றைம்பது என்று இருக்கும். மீதியை அமுக்குகிறார் என்றே பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை 1979 பங்குனிக் கடைசி வாரத்தில் வந்தது. அந்த வருஷத்து முடிச்சுகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அதிகாரி. சின்னராஜ் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை வழியாக நடந்தே வந்தார். பின்னாலேயே கடைப் பையன்களும் மூட்டைக்காரர்களும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ் குமாஸ்தாக்கள் பேனாவைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள்.

வேலுமணி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். பத்தொன்பது முடிச்சுகள்.

"இதிலே எவ்வளவு இருக்கு?"

"தெரியாதுங்க."

"தெரியாமல் எப்படிய்யா? ஒன்றே ஒன்றை அவிழ்த்துப் பார்க்கிறேன்."

சின்னராஜின் முகம் சுண்டிவிட்டது. அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. "பாருங்க சாமி. எந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாத்துட்டு மறுபடி கட்டிருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதிகாரி ஒரு முடிச்சை எடுத்தார். அதில் கட்டியிருந்த சீட்டில் இருந்த ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன்; அங்கே என் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தர்மகர்த்தா கையெழுத்துப் போட்ட கடுதாசியில் ஐந்நூறு ரூபாய். துணிக்குள் நூற்று நாற்பது. வேலுமணி இரண்டு தடவை எண்ணினார். நான் வரவு நோட்டைப் புரட்டினேன். அதே ஊருக்கு நேரே, போன வருஷம் நூற்று அறுபது. அதற்கு முந்தின வருஷம் இருநூறு. என் சந்தேகத்தை நினைத்து எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அதிகாரி முடிச்சைக் கட்டி மற்றவற்றோடு கலந்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"பேசினதைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள் என்று உமக்குத் தெரியுமா?"

"சில ஊர்ல அப்பிடித்தானுங்க. எந்த ஊருன்னு ஆடி முடிச்சாத்தான் தெரியும். அடுத்த வருசத்துக்குள்ள மறந்துபோடுவேன்."

"முன்னாலேயே எண்ணிக் கேட்டு வாங்கினால் என்ன?"

"ஏமாத்திப்போட்டாங்கன்னு தெரிஞ்சா, அந்தச் சனத்தப் பாத்து எனக்குச் சிரிப்பு வராதுங்க. எனக்கே வரலீன்னா, அவிங்களுக்கு எப்பிடிங்க வரும்?"

வேலுமணி பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். பிறகு, தொகையே தெரியாத பணத்தை வரவாக எடுக்க முடியாது, நாடகம் முடிந்த தேதியே கணக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சின்னராஜ் அவர் மேஜையையே தொட்டுக் கும்பிட்டார்.

சித்திரை ஐந்தாம் தேதி அந்த ஊரில் நாடகம். நானும் போனேன். தர்மகர்த்தா பட்டுச் சட்டையும் இரண்டு மோதிரங்களுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சின்னராஜ் நேரே இறங்கிவந்து அவர் மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்து, "எங்கப்பனுக்குக் கர்ணன் கை!" என்று அவர் கன்னத்தைக் கிள்ளினார். தர்மகர்த்தா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊரே உருண்டு புரண்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சின்னராஜ்தான்.

பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். சிரிக்கத்தான் பார்த்தேன். நூற்று நாற்பது ரூபாய் என்று எனக்குத் தெரியுமே, எப்படி வரும்?