அடைப்பில்லாத மேற்குச் சன்னல்கள்

தென்காசிக் கோபுர வாசலில் சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்குமே ஒரு காற்று, அதை அப்படியே ஒரு கச்சேரி மண்டபத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அனுசியாவுக்கு ஆசை. பக்கத்து மேலகரத்தில் பிறந்து, கட்டடக்கலை படித்தவள். ரத வீதிக்குப் பின்னால் புது மண்டபம் கட்டும் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. கோபுரத்தை மறைக்காமல், பக்கத்து ஓட்டு வீடுகளை மிஞ்சாமல் கூரையைத் தாழ்த்தினாள். குற்றாலத்துச் சாரல் காற்று வருகிற மேற்கே பன்னிரண்டு உயரச் சன்னல்கள் வைத்தாள். கண்ணாடி இல்லை, கதவும் இல்லை. ஏசி கேட்டவர்களிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டி ஜெயித்தாள்.

கூரை முடிந்ததும் மிருதங்கம் இசக்கிமணி பார்க்க வந்தார். அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர். சன்னல் பக்கம் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இதுக்கு அடைப்பு கெடையாதா?"

"எதுக்கு அண்ணாச்சி? காத்து சொகமா வருதுல்லா."

"கேக்குதவனுக்குச் சொகந்தான். ஈரம் பட்டா தோலு தொவண்டுருமே."

"நீங்க தட்டுனா தோலு சொன்னபடி கேக்கும்."

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பதிலை நினைத்து அனுசியாவுக்கு அன்றைக்கு நல்ல பெருமை.

திறப்பு விழா ஜூலையில், நல்ல சீசனில். முப்பது வருஷம் சென்னைக்குப் போய்வந்து பெரிய பாடகர்களுக்கு வாசித்த இசக்கிமணிக்குச் சொந்த ஊரில் அதுதான் முதல் மேடை. அவர் மனைவி மாரித்தாய் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள், அனுசியாவுக்குப் பக்கத்தில்.

இரண்டாம் பாட்டில் சாரல் உள்ளே வந்தது. ஜனங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு ரசித்தார்கள். மிருதங்கத்தின் சுருதி இறங்கியது. இசக்கிமணி கல்லால் விளிம்பைத் தட்டி ஏற்றினார். மறுபடி இறங்கியது. வேறு மிருதங்கம் எடுத்தார். அதுவும் நாலு நிமிஷம்தான் தாங்கியது. மிருதங்கத்துக்கென்று தனியாக விடுகிற நேரம் வந்ததும் பாடகர் திரும்பிப் பார்த்தார். இசக்கிமணி சன்னல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். பாடகர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியக்கூட இல்லை.

மாரித்தாய் அனுசியாவின் காதருகே குனிந்தாள். "தனி எப்பம் வரும் தாயி? அத்தைமாரு எல்லாம் அதுக்குத்தான் வந்திருக்காவ."

அனுசியா மேற்கே சன்னல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த மாதமே கண்ணாடியும் ஏசியும் வந்தன. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது.

மறு வருஷம் அழைப்பிதழோடு இசக்கிமணி வீட்டில் போய் நின்றாள்.

"கண்ணாடி போட்டாச்சு அண்ணாச்சி. இந்த ஜூலையில நீங்கதான் வாசிக்கணும். தனியா, ஒரு மணி நேரம். அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

"அட விடு. மண்டபம் அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ." அவர் அழைப்பிதழை மடியில் வைத்துத் தடவினார். "ஜூலை பூரா எனக்கு வெளியூர்க் கச்சேரில்லா இருக்கு."

அவர் தலைக்குமேல் பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் அச்சான காலண்டர் தொங்கியது. கச்சேரி நாளைச் சிவப்பு மையில் வட்டம் போடுவது அவர் வழக்கம். ஜூலைக் கட்டத்தில் ஒரு வட்டமும் இல்லை. காபி கொண்டுவந்த மாரித்தாயும் அதைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அனுசியா காபியை முழுக்கக் குடித்தாள். "போயிட்டு வாரேன் அண்ணாச்சி."

வாசல் வரை கூடவே வந்தார். "முந்தானையைச் சொருகிக்கோ தாயி," என்றார். "காத்து பலமா அடிக்கு."