பின் இருக்கைக்கு ஓட்டுபவன்

சூ ஃபால்ஸ் நகரத்தில் மக்கள் எழுந்து காபி போடும்போது எங்கள் ஆற்றில் தண்ணீர் ஏறும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மிசௌரி ஆற்றின் அணையில், மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. மின்சாரம் கூடுதலாக வேண்டும் என்று உத்தரவு வந்தால் இன்னொரு டர்பைனை ஓடவிடுவேன். அது சுழல வேண்டுமானால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்க வேண்டும். இறங்கிய தண்ணீர் அணைக்குக் கீழே போய்ச் சேரும். கீழே இருப்பதும் ஒரு நீர்த்தேக்கம்தான், அடுத்த அணை வரை நீண்டு கிடக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்கு ஆற்றின் குணம் இன்னும் போகவில்லை. நான் தண்ணீர் விட்டால் இழுக்கும், நிறுத்தினால் சோம்பிக் கிடக்கும்.

டர்பைனை ஓடவிடும் ஒவ்வொரு காலையும் நான் வெர்லினை நினைத்துக்கொள்வேன். இந்தத் தண்ணீர் சற்று நேரத்தில் அவனுடைய தூண்டில் நரம்பைப் போய்த் தொடும் என்று.

வெர்லின் ஹாஃப்டால் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேல். மனைவி டொரீன் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மூன்று வசந்தங்களாக, எனக்கு விடுப்பு கிடைக்கும் நாட்களில் அவனுடைய படகின் பின் இருக்கையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறேன். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. படகு இறக்கும் சரிவில் ஒரு நாள் பார்த்து, "பின்னாடி சும்மாத்தான் கிடக்குது" என்றான். ஏறிக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் அவன் படகை விற்கப் போவதாகச் சொன்னான். அரிசோனாவில் மகள் ஜோலின் வீட்டில் ஓர் அறை தயாராக இருக்கிறதாம். அங்கே பனி அள்ள வேண்டியதில்லை. அவன் போகக் கூடாது என்று நான் விரும்பினேன். அதை நான் வாய்விட்டுச் சொல்லாமலே அவனுக்குப் புரிய வேண்டும் என்றும் விரும்பினேன். எங்கள் ஊரில் ஒருவரிடம் "போகாதே" என்று சொல்வது, கேட்காமல் அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பது போல.

வால்ஐ என்னும் பால்பூத்த கண்ணுள்ள மீனைப் பிடிக்கும் விதத்தை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றது விளங்காது. பனிக்கட்டி உடைந்து, கூழைக்கடாக்கள் வந்து இறங்கியதும், இந்த மீன்கள் முட்டையிடுவதற்காக நீரோட்டத்தை எதிர்த்து அணையின் அடிவாரப் பாறைகள் வரை ஏறி வரும். ஆண் மீன்கள் முதலில் வந்து காத்துக் கிடக்கும். பெரிய பெண் மீன்கள் தாமதமாக வந்து, முட்டைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். தண்ணீர் அந்தச் சமயத்தில் கையை வைக்க முடியாத குளிர். குளிரில் மீனுக்கு வேகம் கிடையாது. கல்லின் பின்னால், இழுப்பு குறைந்த இடத்தில், தரையோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். இரை மூக்குக்கு நேராக வந்தால் வாயைத் திறக்கும். ஒரு முழம் மேலே போனால் திறக்காது.

ஆகவே ஈயத்தலை போட்ட முள்ளில் பொடிமீனை மாட்டி நேர்கீழே இறக்க வேண்டும். நரம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஈயம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். படகு நீரோட்டத்தோடு அதே வேகத்தில் நழுவினால்தான் நரம்பு நேராக நிற்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் படகின் மூக்கில் மாட்டிய சிறிய மோட்டாரைக் காலால் மிதித்து மிதித்து அந்த வேகத்தைப் பிடிப்பார். காற்று வேறு படகின் பின்பகுதியைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

மூன்று வசந்தங்களிலும் வெர்லினைவிட நான்தான் அதிகம் பிடித்தேன். என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பான், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். கரையில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள், குறிப்பாக ஹார்லன். படகை வாங்கப் போகிறவனும் அவன்தான்.

ஹார்லன் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளன்று காலையில் நாங்கள் கடைசியாக ஒரு முறை போனோம். வெர்லினுக்கு முழங்காலில் ஊசி போட்டிருந்தார்கள்.

"மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ முன்னாடி வா" என்றான்.

"போட்டைக் கொண்டுபோய்ப் பாறையில மோதிட்டா?"

"ஹார்லனோட போட்டுதானே இனிமே."

முன்னால் உட்கார்ந்து என் நரம்பைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. நரம்பு முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் மிதி, பின்னால் சாய்ந்தால் விடு. சிறிது நேரத்தில் இரண்டு ஆண் மீன்கள். வெர்லினுக்கு ஒன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். வெர்லினின் நரம்பு பட்டத்தின் நூல் மாதிரி எங்கோ சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"என்ன வெர்லின், உன் தூண்டில் அணைக்கே திரும்பிப் போகுது?"

"பின்னாடி அப்படித்தான் இருக்கும்."

"எனக்கு ஒரு நாளும் இப்படி இருந்ததில்லயே."

அவன் தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றினான். அவசியமில்லாத அளவுக்குக் கவனமாக ஊற்றினான்.

ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் நரம்பை மறந்துவிட்டு அவனுடைய நரம்பை நேராக்கப் பார்த்தேன். படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றே திருப்ப வேண்டும். பின்பகுதி வீசி வருவதற்கு ஒரு நொடி முன்பே மிதிக்க வேண்டும். அதற்குத் தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அவனுடைய நரம்பு ஆணி அடித்தது போல நின்றது. அதே நேரத்தில் என்னுடையது சாய்ந்து, ஈயம் தரையை விட்டுப் போயிற்று. இரண்டும் ஒருசேர நேராக நிற்கவே இல்லை. எந்த இருக்கைக்காக ஓட்டுவது என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வசந்தங்கள் அவன் கழுத்தை ஏன் தேய்த்துக்கொண்டே இருந்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. மகிழ்ச்சி வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பயமும் வந்தது. அது டொரீன் உட்கார்ந்திருந்த இருக்கை. எனக்காக இல்லாமல், பழக்கம் விடாமல் அவளுக்காக ஓட்டிக்கொண்டிருந்தானோ?

"டொரீனுக்கும் இப்படித்தான் ஓட்டுவியா?" என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இல்ல."

தூண்டிலைச் சற்றுத் தூக்கி இறக்கினான். பிறகு சொன்னான்:

"நீ அள்ளினது போக மிச்சத்தைத்தான் நான் பிடிக்கணுமான்னு அவ திட்டிக்கிட்டே இருப்பா. கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து. அவளுக்கு மீன் பிடிக்கத் தெரியலன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். அவ போனப்புறம் ஒரு நாள் தனியா வந்தேன். பின்னாடி வெறிச்சுன்னு இருக்கேன்னு ஒரு தூண்டில மாட்டி வெச்சேன். அப்பதான் பார்த்தேன், அது எப்படிச் சாயுதுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிக்கிட்டேன். நேரா நிறுத்த. அந்த வசந்தம் பூரா ஆள் இல்லாத இருக்கைக்குத்தான் ஓட்டினேன்." ஒரு வாய் காபி குடித்தான். "அடுத்த வருஷம் நீ வந்து உக்காந்த."

"போகாதே" என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். ஆனால் வெளியே வந்தது வேறு.

"வேலையில இருக்கும்போது டர்பைனை ஓடவிட்டேன்னா, இந்தத் தண்ணி போய் வெர்லின் நரம்பைச் சாய்க்கும்னு நெனச்சுக்குவேன். தினமும்."

"அட, அது நீதானா? இத்தனை நாளும் கடவுளைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அப்போது அவனுடைய கம்பு வளைந்தது. துள்ளல் இல்லை, இழுப்பு இல்லை. அடியில் ஏதோ கனமான ஒன்று விருப்பமில்லாமல் அசைவது போல. நான் அவன் நரம்பையே பார்த்து மிதித்தேன். வயிறு நிறைய முட்டையோடு ஒரு பெரிய பெண் மீன் மேலே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பால் ஊற்றியது போன்ற அந்தக் கண். இத்தகைய மீனை இங்கே யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வெர்லின் முள்ளைக் கழற்றி, அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்துக்கொண்டான். செவுளுக்குள் தண்ணீர் ஓடி அதற்குத் தெம்பு வர வேண்டும். தெம்பு வந்ததும் அது போயிற்று. அவன் கை மட்டும் இன்னும் சற்று நேரம் தண்ணீருக்குள் இருந்தது, சிவந்துபோய்.

"பின் இருக்கை நல்லாத்தான் இருக்கு" என்றான்.

கரையில் ஹார்லன் தன் வண்டியை நிறுத்திச் சாய்ந்துகொண்டு காத்திருந்தான். படகை இழுத்துப் போகும் கொக்கியைக்கூட எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

"இன்னிக்கும் பின்னாடி உக்காந்த ஆள்தான் அள்ளுச்சா?" என்றான்.

"ஆமா. இன்னிக்கு அது நான்" என்றான் வெர்லின். படகை அதன் இழுவண்டியில் ஏற்றிக் கட்டினோம். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஹார்லன், இன்னிக்கு எடுத்துட்டுப் போக முடியாது போலிருக்கு. பின் இருக்கை ஆடுது" என்றான்.

"ஆடலயே" என்றேன் நான். "போன வாரம்தான் நானே கழட்டி மாட்டினேன். அடியில ஒரு நைலான் வளையம் தேஞ்சு போயிருந்துச்சு. அதை மாத்தினதும் நாலு போல்ட்டையும் இறுக்கி..."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அன்று அந்தப் பழக்கம் என்னைக் குழியில் தள்ளப் பார்த்தது. வெர்லினின் காதுகள் சிவந்திருந்தன. குளிரால் அல்ல.

"...இறுக்கினேன்" என்றேன். "ஆனா சரியா இறுக்கலயோ என்னவோ."

ஹார்லன் படகில் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்தான். இடம் வலமாகத் திரும்பினான். அது முனகக்கூட இல்லை. என்னைப் பார்த்தான், வெர்லினைப் பார்த்தான், பிறகு வெகுநேரம் ஆற்றைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "பயங்கரமா ஆடுது. உசுருக்கே ஆபத்து. எப்ப சரியாகும்?"

"சாமான் வரணும்" என்றான் வெர்லின்.

"எங்கேர்ந்து?"

"அது இன்னும் தெரியல."

"வந்தா சொல்லு. வராட்டியும் சொல்லு, வேற போட் பார்த்துக்கறேன்." ஹார்லன் தன் வண்டியைத் தனியாகவே ஓட்டிக்கொண்டு போனான்.

அரிசோனாவைப் பற்றி வெர்லின் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கொண்டுவந்திருந்த, புளிப்புத் தண்டு போட்ட ருபார்ப் கூகன் கேக்கில் மிச்சமிருந்ததை அவன் வண்டியின் முன் இருக்கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் எனக்கு வேலை. காலையில் உத்தரவு வந்தது, டர்பைனை ஓடவிட்டேன். தரை மெல்ல அதிர ஆரம்பித்தது. சற்று நேரம் கழித்து என் போன் அடித்தது. வெர்லின் போன் செய்கிற ஆள் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி தண்ணி விட்டியா?"

"ஆமா. ஏன்?"

"நரம்பு சாஞ்சுது. தெரிஞ்சுது."

"அந்த முழங்காலோட மிதிச்சுக்கிட்டா இருக்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னொரு கால் இருக்குல்ல."

"சரி. பெரிய ஈயமா மாட்டிக்கோ. நிமிந்துடும்."

"என்னுது இல்ல" என்றான். "பின்னாடி மாட்டி வெச்சிருக்கேன், அது."

அணையின் அடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு நேரத்தில் அவ்வளவு தூரம் போகும் என்று விளக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். போனுக்குள் படகின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது, நான் அனுப்பிய தண்ணீர். அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.