கை தூக்கினால் பேசக் கூடாது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பறவை பார்ப்போர் சங்கத்தின் செயலாளர். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நகரத்தை விட்டு மூன்று நாள் எங்காவது போய்த் தங்குவோம். திரும்பியதும் பயண அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. இந்த வருட அறிக்கைக்கு உட்கார்ந்து ஒரு வாக்கியம் எழுதினேன்:

'மூன்றாம் நாள் காலை, ஒன்பது வருடமாகத் தேடிவந்த குருகை நாம் அனைவரும்

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை முடித்துக் கையெழுத்துப் போட்டால் நான் மனுஷியே இல்லை. அதனால் கதை எழுதுகிறேன். கதை என்றால் உண்மையைச் சொல்லலாம், யாரும் நம்ப மாட்டார்கள் என்று ஒரு குருட்டுத் தைரியம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பனி விலகாத ஏரிக்கரையில் நாணல்கள் மெல்லத் தலையசைக்க

வேண்டாம். பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. சரியாகத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லக்கூட முடியாத வெளிச்சம்.

இரண்டாம் முயற்சி: 'என் அக்காவுக்குப் பறவைகளைப் பிடிக்காது.'

இது பரவாயில்லை. அக்கா துணி தைப்பவள். முன்னறையில் இரண்டு மெஷின், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. வருடம் முழுக்கக் குனிந்தே கிடக்கிறாளே என்று நான்தான் நச்சரித்து இந்தப் பயணத்துக்கு இழுத்தேன்.

"குருவி பாக்கறதுக்கு வேன் புடிச்சு வேற போகணுமாடி? என் ஜன்னல்லயே வந்து கத்துது. விரட்டி விரட்டிக் கை வலிக்குது."

அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், லிப்ட் பழுது பார்க்கிறவர். அவரும் சேர்ந்துகொண்டார். "போய்ட்டு வா. மூணு நாள் நானே சமைச்சுச் சாப்பிட்டுக்கறேன்."

"அதான் பயமா இருக்கு" என்றாள் அக்கா.

3

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. பறவையைக் கண்டால் வாய் திறக்கக் கூடாது. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் அவர் பார்க்கும் திசையில் பார்க்க வேண்டும். கண்டவர் உட்கார்ந்தால் பறவை கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்; எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மருந்துக்கடைக்காரர் "அதோ அதோ" என்று கத்தியே பாதிப் பறவைகளை விரட்டிக்கொண்டிருந்ததால் ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதிய விதி இது.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: 'கை தூக்கிய ஆளைப் பார்க்கக் கூடாது' என்றும் ஒரு வரி உண்டு. ஆளையே பார்த்துக்கொண்டிருந்து நிறையத் தவறவிட்டோம் என்று பிறகு சேர்த்தேன். அதுவும் நான்தான்.)

இரண்டு நாளாக அக்கா கை தூக்கவே இல்லை. ஓயாமல் பேசுவதால் மைனா என்று நாங்கள் கூப்பிடும் ஓய்வுபெற்ற தபால்காரர், "அக்கா கை தூக்காம நான் வேன்ல ஏற மாட்டேன்" என்று சீண்டினார்.

"விடுங்க, அவ உப்புக்குச் சப்பாணி" என்றேன்.

(இந்த வரியை அடித்துவிடலாம் என்று மூன்று முறை பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அன்று அப்படித்தான் சொன்னேன், அக்காவும் சிரித்தாள்.)

4

மூன்றாம் நாள் காலை. நாங்கள் பதினொரு பேரும் ஏரியைப் பார்த்து வரிசையாகக் கரைமேட்டில் நின்றோம். அக்கா எங்களுக்கு முன்னால், தண்ணீர்ப் பக்கமாகப் பத்தடி தள்ளி, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். எங்கள் பக்கம் திரும்பினாள். இடது கையைத் தூக்கினாள்.

நான் நீரேற்று நிலையத்தில் மணிக்கு மணி அளவு குறிக்கிறவள். எதற்கும் நேரம் போட்டே பழக்கம். நோட்டில் எழுதினேன்: '6.47. அக்கா. இடது கை.' பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்தேன். அந்த முகம் இன்னும் நோட்டில் இருக்கிறது.

விதிப்படி அவள் பார்க்கும் திசையில் பார்க்க வேண்டும். அவள் பார்த்த திசையில் நாங்கள் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஏதோ வந்திருக்கிறது என்று பதினொரு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

இந்த வாக்கியத்தை நாலாவது தடவையாக எழுதுகிறேன்.

மேட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு, நிறைய நாணல். தொலைநோக்கியால் துழாவினோம். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் லேசாகத் திரும்பிப் பார்த்தார். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கையை அமர்த்திச் சைகை காட்டினார். பதினொரு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்தோம்.

அடுத்தது நான் கதைக்காகச் சேர்த்தது என்று நினைப்பீர்கள். சத்தியமாக இல்லை. அங்கே நிஜமாகவே நாங்கள் ஒன்பது வருடமாகத் தேடிய அந்தக் கொக்கு ஜாதிக் குருகு இருந்தது. நாணலுக்கு நடுவே இன்னொரு நாணலைப் போலக் கழுத்தை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல். மைனாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். நம்ம அக்கா கண்டுபிடித்தாளே என்று ஒரே பெருமை. அது பறந்து போனதும் அவளைக் கட்டிக்கொள்ளத்தான் ஓடினேன்.

அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. திறந்திருந்த கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. 6.58.

மைனா, பறவை இன்னும் அங்கேயே இருப்பதுபோல மெதுவாகக் கேட்டார்:

"அப்ப, அவங்க நம்மளக் கூப்பிட்டாங்களா?"

5

ஆஸ்பத்திரிக்கு வேனில் ஒன்றரை மணி நேரம். பக்கவாதம் என்றார்கள்.

"எப்ப ஆரம்பிச்சது? நேரம் சரியாத் தெரிஞ்சாத்தான் ஊசி போட முடியும்" என்றார் டாக்டர். நோட்டை நீட்டினேன். "இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்லைங்க" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாமா மத்தியானம் வந்து சேர்ந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"உடனே பாத்துட்டீங்களா?"

"உடனே பாத்துட்டோம், மாமா."

"நீ பக்கத்துல இருந்ததாலதான் இந்த மட்டுக்குமாவது ஆச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மற்ற பத்துப் பேரும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருக்கப் பழக்கியவள் நான்தானே.

6

அக்காவுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை. நான் யோசித்த முடிவுகள்:

அக்காவுக்குப் பேச்சு வருகிறது, என்னை மன்னிக்கிறாள். (அடித்துவிட்டேன். அவள் கொடுக்க வேண்டியதை நானே எடுத்துக்கொள்வதா?)

பேச்சு வருகிறது, மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். (இதுவும் எனக்குத்தான் வசதி. நான் சொல்ல வேண்டியதில்லை.)

மூன்றாவது, அவள் பக்கமிருந்து: 'பதினொரு முதுகுகளைப் பார்த்துக்கொண்டே அந்தப் பதினொரு நிமிடமும் அவள்

முடியவில்லை. அவளை ஒரு பாத்திரமாக எழுத எனக்கு வராது. அப்போது அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது.

7

இதுவரை எழுதியதை இன்று சாயங்காலம் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மூடி போட்ட மெஷின்களுக்கு நடுவில்தான் இப்போது அவள் கட்டில். மாமா காபியோடு உள்ளே வந்தார். நான் வாசிப்பதை நிறுத்தினேன். அக்கா இடது கையைத் தூக்கினாள்.

மாமா சட்டென்று ஜன்னலைப் பார்த்தார். "என்ன, குருவி வந்திருக்கா?"

"மாமா, ஜன்னல்ல ஒண்ணும் இல்ல. அவளப் பாருங்க" என்றேன். பிறகு தாள்களை அவர் கையில் கொடுத்தேன். இந்தக் கடைசித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். முதலில் ஒருமுறை சிரித்தார். 'அதான் பயமா இருக்கு' என்ற இடமாக இருக்கும். இப்போது சிரிப்புச் சத்தம் இல்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலாம் பகுதியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி. அவர் தலை நிமிர்த்தும்போது என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்து கோணலாகப் போகிறது, மன்னிக்கவும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். நிறுத்து என்கிறாளா, எழுது என்கிறாளா, தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தைப்