நாகலிங்கத்தின் பங்கு

மீனைப் பங்கு பிரிக்கும்போது கனகரத்தினம் ஒருவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. வள்ளத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, மெசினுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கொன்று என்று ஈரமணலில் குவியல்களை வைத்துக்கொண்டே போவார். முகத்தைப் பார்த்தால் கை கோணும் என்பது அவருடைய எண்ணம். அன்று காலையிலும் அப்படித்தான் குனிந்தபடி வைத்து முடித்தார். மீனாம்பிகை வெறும் பனையோலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலை காயப்போட்ட கம்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய புருஷன் நாகலிங்கம் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கனகரத்தினம் அவனுடைய மூத்த தமையன். குவியல்களை எல்லோரும் அள்ளிப் போன பிறகு, தன்னுடையதிலிருந்து நாலு பாரை மீனை எடுத்து அவளுடைய கடகத்தில் போட்டார்.

"இது உனக்கு நான் தாறது, பிள்ளை. அவன்ரை பங்கில்லை. அதை நான் வைக்கேலாது."

"தெரியும் அத்தான்."

காங்கேசன்துறைக்குக் கிழக்கே அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வள்ளத்தில் போனவன் திரும்பி வராவிட்டால், ஆண்டுத்திவசம் வரைக்கும் அவனுடைய குவியலையும் மணலில் வைப்பார்கள். பெண்சாதி கடகத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போவாள். அவள் கேட்பதுமில்லை, இவர்கள் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வதுமில்லை. செத்தவன் பங்கு என்று அதற்குப் பெயர். நாகலிங்கம் அண்ணனின் வள்ளத்தில் செத்திருந்தால் அவளுக்கும் அப்படி ஒரு குவியல் வைத்திருப்பார்கள். ஆனால் அவன் இரண்டு வருடத்துக்கு முன்பே கடலை விட்டு, றால் ஏற்றுமதி செய்கிற கொழும்புக் கம்பனியின் ஐஸ் பக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டான். போகச் சொன்னவள் மீனாம்பிகைதான். வாடைக்காற்று எழும்பும் நாட்களில் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. நாலு சுவருக்குள் ஒரு வேலை, மாதச் சம்பளம், பின்னேரம் வீடு. அந்த நாலு சுவருக்குள்தான் குழாய் வெடித்து, நெடியடிக்கும் அமோனியா வாயு பரவி அவன் செத்துப்போனான்.

"அவன் ஆரோடை நிண்டு செத்தானோ அவைதான் வைக்கவேணும்" என்றார் கனகரத்தினம். பிறகு, சாரத்தின் மடிப்பிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து விரித்தார். தேத்தண்ணிக் கடையில் கிழித்து வாங்கியது. "வைப்பினம் போலைதான் கிடக்கு. இஞ்சை பார். காலஞ்சென்ற ஊழியர் நாகலிங்கம் ஞாபகார்த்தப் பிள்ளைப்பேற்று விடுதி. எங்கடை ஊரிலை கட்டப்போகினமாம். அதுக்குக் கீழை என்ன கிடக்கு தெரியுமோ? இந்த அறிவித்தலைத் தொடர்ந்து கம்பனியின் பங்கு ஏறியுள்ளது."

"பங்கு எண்டோ போட்டிருக்கு?"

"ஓம். கொட்டை எழுத்திலை. விபத்துக்குப் பிறகு விழுந்திருந்த பங்கு, இப்ப முந்தியிலும் மேலை போட்டுதாம். ஆர் செத்தாலும் பங்கு பங்குதான் பிள்ளை. கொழும்பானெண்டாலும் கடலிலை சீவிக்கிறவனுக்கு அது தெரியும்."

மீன் காயப்போடும் பெண்களுக்கு அந்தச் செய்தி மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டது. நல்லம்மா கத்தியைக் கழுவாமலே சிரித்தாள். "பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்கு ஆம்பிளையின்ரை பேரோ? காய்ச்சலோடை வேலைக்குப் போன மனுசனுக்கு ஒரு டிஸ்பிரின் குடுக்காதவங்கள், இப்ப எங்களுக்குப் பிள்ளை பெறக் கட்டில் தரப்போறாங்களாம். எடியே மீனாம்பி, ஆஸ்பத்திரிக்காரி, எனக்கு யன்னலோரக் கட்டில் பாத்து வைச்சுவிடு!" வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிய நல்லம்மா சொன்னதால் எல்லோரும் சிரித்தார்கள். மீனாம்பிகைக்கும் வாய் சிறிது விரிந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி யோசனை இல்லை. பங்கு ஏறியிருக்கிறது என்பதையே மனம் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கே வைக்கிறார்கள்? எப்போது போய் அள்ளுவது? மகள் அருந்ததிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி றால் உரிக்க விடச்சொல்லி அயல் சொல்லத் தொடங்கியிருந்தது. அந்தப் பங்கு வந்தால் பெட்டை படிப்பாள்.

அரசாங்கத் தொழிற் கந்தோரில் அவன் செத்தது பற்றிய விசாரணைக்கு வரச்சொல்லிக் கடதாசி வந்தபோது, என்ன சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. நாகலிங்கம் குழாய் மூடியைக் கவனக்குறைவாகத் திருகினான், அதனால் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று கம்பனி சொல்லியிருந்தது. ஆனால் ஐஸ் அறைக்கு ஒரு பின்கதவு உண்டு. ஐஸ் களவு போகிறதென்று அதற்கு வெளியே பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அவன் சாவதற்கு முந்திய மாதம் சோறு தின்னும்போது சொன்னான். "உள்ளை நிக்கிற எங்களையும் ஐஸ்கட்டி எண்டு நினைச்சிட்டாங்கள்" என்று பகிடியாகத்தான் சொன்னான். பொலிஸ் வந்தபோது அந்தக் கதவில் பூட்டு இருக்கவில்லை. ஆனால் அவனைக் குளிப்பாட்டியபோது அவள் கைகளைப் பார்த்தாள். வலது கையில் மூன்று நகங்கள் அடியோடு பெயர்ந்திருந்தன. முன்பக்கம் வாயு, பின்பக்கம் பூட்டு. அவன் எந்தப் பக்கம் ஓடினான் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பின்னேரம் வெயில் சாய வினிபிரட் வந்தாள். கம்பனிக் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் ஜெபநேசனின் மனைவி. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். நெஞ்சிலடித்து அழத் தெரியாத குடும்பத்திலிருந்து வந்தவள் என்பதால் செத்தவீட்டன்று வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள். இன்று உள்ளே வந்து, மீனாம்பிகை இழுத்துப்போட்ட கதிரையில் ஓரமாக இருந்தாள்.

"எனக்கு மறைச்சுக் கதைக்கத் தெரியாது, மீனாம்பிகை. நீர் அங்கை போய்க் கதவு, பூட்டு எண்டு கதைச்சால் அது பேப்பரிலை வரும். வந்தால் பங்கு விழுந்திடும்."

மீனாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"விபத்து நடந்த கிழமை எப்பிடி விழுந்தது தெரியுமோ? எங்கடை வீட்டிலை அடுப்பு மூட்டேல்லை. உம்மடை சோகத்துக்கு முன்னாலை நான் இதைச் சொல்லக்கூடாது. ஆனா உண்மை அதுதான். ஆஸ்பத்திரி கட்டுறமெண்டு அறிவிச்சாப் பிறகுதான் தலை நிமிர்ந்தது. கொழும்பிலை எல்லாரும் நல்ல கம்பனி, இரக்கமுள்ள கம்பனி எண்டு வாங்கினமாம். இனி ஒரு கதை வந்தால் மறுபடி எழும்பாது."

"ஆரின்ரை பங்கு அக்கா விழும்?"

"எல்லாற்றையும்தான். எங்கடை, உங்கடை எண்டு அதிலை பிரிவில்லை. விழுந்தால் எல்லாரும் சேர்ந்துதான் விழுவம். எங்கடை மகள் ஸ்ரெல்லாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிஞ்சுது. அவளின்ரை சீதனம் முழுக்க அதுக்கைதான் கிடக்கு."

"என்ரை ஆளின்ரையும் அதுக்கை இருக்கோ?"

வினிபிரட் வாழைப்பழச் சீப்பைப் பார்த்தாள். கேள்வி அவளுக்கு விளங்கியிருக்கலாம், விளங்காமலும் இருந்திருக்கலாம். "அவரின்ரை பேரிலைதானே பிள்ளை இப்ப எல்லாம் நடக்குது" என்றாள். எழும்பிப் போகும்போது அருந்ததியின் தலையைத் தடவி, "நல்லாப் படிக்கவேணும்" என்றாள்.

அன்றிரவும் அடுத்த பகலும் மீனாம்பிகை அதை ஒழுங்காக யோசித்தாள். நட்டஈடு என்பது ஒரு தரம் தருகிற காசு, வருமோ வராதோ. பங்கு அப்படியல்ல. அது தொடர்ந்து கிடைக்கிற குவியல். வள்ளத்துக்குத் தலைவனான மண்டாடியோடு சண்டை பிடித்தவளுக்கு எந்தக் கரையில் குவியல் வைப்பார்கள்? நாகலிங்கத்தின் நகங்கள் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவள் எழும்பிப் போய் முற்றத்தைக் கூட்டினாள்.

தொழிற் கந்தோரில் மின்விசிறி ஒன்று அரைச்சுற்றுச் சுற்றி நின்று நின்று ஓடியது. விசாரிக்கிறவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். அவளை இருக்கச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கம்பனிக்காக வாதாட வந்த அப்புக்காத்து எதிர்ப்பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பின்கதவு பூட்டிக் கிடக்கிறதெண்டு உம்மடை புருசன் எப்பவாவது சொன்னவரோ?"

"இல்லை ஐயா."

"நல்லா யோசிச்சுச் சொல்லும். அவரின்ரை கையிலை காயம் இருந்ததெண்டு ஆஸ்பத்திரிக் கடதாசியிலை கிடக்கு. நீர்தானே குளிப்பாட்டினது. அது பழைய காயமோ, புதுசோ?"

மின்விசிறி நின்றது. திரும்பவும் சுற்றத் தொடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"வள்ளத்திலை நிண்ட காலத்துக் காயம் ஐயா. கயிறு இழுத்தது."

எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். அவள் கையெழுத்து வைத்தாள். துணைக்கு வந்த கனகரத்தினமும் அவளும் பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ் சுன்னாகத்தைத் தாண்டிய பிறகு, "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டார்.

"பங்கு விழுந்திடுமாம் அத்தான்."

அவர் வெளியே தோட்டங்களைப் பார்த்தார். "ஓம். அப்பிடியெண்டால் சரிதான்" என்றார்.

அடிக்கல் நாட்டு விழா வெளிச்சமான ஒரு காலையில் நடந்தது. கொழும்பிலிருந்து மூன்று கார்கள் வந்தன. அளவெட்டியிலிருந்து மேளம். மீனாம்பிகையை மேடையில் மனேச்சருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். அவளுடைய கையில் புதுச் சாந்தகப்பை ஒன்றைக் கொடுத்து, சீமெந்தைக் கல்லின் மேல் போடச் சொன்னார்கள். படம் பிடிக்கிறவன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னான், உயர்த்தினாள். பேசியவர்கள் எல்லோரும் நாகலிங்கத்தைத் தங்கள் குடும்பத்தில் ஒருவன் என்றார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து நல்லம்மா, "செத்தவீட்டுக்கு இந்தச் சொந்தக்காரர் ஒருத்தரையும் காணேல்லையே" என்றது மேளத்தில் அமுங்கியது. படம் பேப்பரில் வந்தது. அந்தப் படத்தில் மீனாம்பிகை சிரிப்பதுபோலத் தெரிந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதுதான்.

மேலும் ஒரு மாதம் போயிற்று. பங்கைப் பற்றிச் சொல்ல யாரும் வரவில்லை. கட்டடம் எழும்பாமலே, அதற்கென்று லொறியில் கொண்டுவந்து பறித்த கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு காலை, அவள் கடகத்தைக் கழுவிக் கவிழ்த்துத் தண்ணீர் வடியவிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பனிக் கந்தோருக்குப் போனாள்.

ஜெபநேசன் எழும்பி நின்றார். மெல்லிய ஆள், சேட்டுப் பையில் எப்போதும் இரண்டு பேனா. "வாரும், இரும்" என்றார்.

"இருக்க வரேல்லை ஐயா. எந்த நாளிலை வாறதெண்டு கேக்க வந்தனான்."

"எதுக்கு?"

"அவரின்ரை பங்குக்கு. கரையிலையெண்டால் விடியப்புறம் வைப்பினம். இஞ்சை எப்ப வைக்கிறவையெண்டு தெரியேல்லை."

அடுத்த மேசையில் இருந்தவன் சிரிக்கத் தொடங்கி, ஜெபநேசனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஜெபநேசன் கடகத்தைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து சீமெந்துத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"அது வேறை பங்கு பிள்ளை" என்றார். "கம்பனியிலை காசு போட்டவையின்ரை பங்கு. அவையள் அதை விப்பினம், வாங்குவினம். நல்ல பேர் வந்தால் விலை ஏறும், கெட்ட பேர் வந்தால் விழும். வேலை செய்யிறவைக்குச் சம்பளம் மட்டும்தான்."

"காசு போட்டவை உள்ளை நிண்டு வேலை செய்யிறவையோ?"

"இல்லை. அவையள் கொழும்பிலை. இஞ்சையும் கொஞ்சப்பேர் இருக்கினம். பள்ளிக்கூட வாத்திமார், தபாற்கந்தோர் ஆக்கள். எங்களைப் போலை."

"உள்ளை நிக்காதவைக்கு எப்பிடிப் பங்கு?"

மேசைக் கண்ணாடியின் கீழே அடிக்கல் விழாப் படம் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜெபநேசன் அதை மூடிக்கொள்வது போல உள்ளங்கையை வைத்தார்.

"விசாரணையைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேக்கலாமோ ஐயா?"

"நீர் கையெழுத்து வைச்சிட்டீரே. கயிறு இழுத்த காயமெண்டு." தலையைக் குனிந்தார். "வினிபிரட் அண்டைக்கு உம்மடை வீட்டை வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்."

மீனாம்பிகை கடகத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "பங்கு பிறகும் ஏறினதோ?"

"படம் வந்த அண்டைக்குக் கொஞ்சம் ஏறினது."

"நல்லது. ஸ்ரெல்லாவின்ரை கலியாணம் குறைவில்லாமல் நடக்கட்டும். நான் வாய் திறக்கேல்லையெண்டு அக்காவிட்டைச் சொல்லிவிடுங்கோ."

வெளியே வந்தவள் கேற்றுக்குப் போகும் பாதையை விட்டு, ஐஸ் பக்டரியின் சுவரோரமாக நடந்தாள். காவற்காரன் பார்த்துவிட்டு, யாரென்று தெரிந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்பக்கத்தில் உமியும் உப்புச் சாக்குகளும் குவிந்து கிடந்தன. தகரக் கதவின் கீழே கரைந்த ஐஸ் தண்ணீர் கசிந்து பாசி படிந்த வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் பூட்டு இருந்தது. புதுப் பூட்டு, பித்தளை மினுங்கியது. அவள் அதைக் கையில் பிடித்தாள். வெயிலில் காய்ந்த பூட்டு கதவோடு ஒட்டியிருந்த பக்கத்தில் மட்டும் குளிர்ந்தது.

கடகத்தைக் கீழே வைத்தாள். கதவில் தட்டினாள். பிறகு கையை விரித்து, பலமாகத் தட்டினாள்.

உள்ளே ஐஸ் இடிக்கும் சத்தம் நின்றது. இளம் குரல் ஒன்று கேட்டது.

"ஆரது? முன்பக்கத்தாலை வாங்கோ. உந்தக் கதவு துறக்கிறேல்லை."

அவள் தட்டிக்கொண்டே நின்றாள். காலடியில் ஓடிய தண்ணீர் கடகத்தின் அடியைத் தொட்டு, ஓலை இடுக்குகளுக்குள்ளால் உள்ளே ஊறத் தொடங்கியது.