மேசை விளக்கின் கீழ் ஆடிய புழுக்கள்

எங்கள் ஆய்வகத்தில் மாமாவை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மாவின் தம்பி, ஆய்வகத்தின் தலைவர், என் ஆய்வுக்கு வழிகாட்டி, எனக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் மாமா, வேலையில் சார். இரண்டையும் நான் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

வேலை இது. மீனின் வயிற்றில் கடிகாரச் சுருள் போலச் சுருண்டு கிடக்கும் ஓர் ஒட்டுண்ணிப் புழு. ஒரே இனம்தான்; சூரை மீனிலும் இருக்கும், சீலா மீனிலும் இருக்கும். குடியிருக்கும் உடல் மாறினால் புழுவின் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன, எவை தூங்கப் போகின்றன என்று பார்ப்பதுதான் என் பட்ட ஆய்வு. இதில் ஒரு விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றியாக வேண்டும்: மீனைக் கிழித்த கையோடு புழு பதப்படுத்தும் திரவத்துக்குள் போய்விட வேண்டும். அந்த நொடியில் இருந்த நிலை அப்படியே நின்றுவிடும். தாமதித்தால், வெளியே பட்ட சூடு, குளிர் எல்லாவற்றுக்கும் மரபணுக்கள் பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

சூரைப் புழுக்களை நான் படகிலேயே எடுத்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டே எடுத்தேன். அதே வாரம் கரையில் மேசை போட்டுச் சீலாவை அறுத்தவர் மாமா. "இதுகூட எனக்குத் தெரியாதா? நீ கெளம்பு" என்றார். கிளம்பினேன்.

முடிவு பிரமாதமாக வந்தது. சீலாவின் புழுக்களில் வெப்பத்தைச் சமாளிக்கும் மரபணுக்கள் தாறுமாறாக வேலை செய்திருந்தன. சீலாவின் உடல் புழுவைத் தாக்குகிறது, புழு எதிர்த்து நிற்கிறது என்று மாமா விளக்கம் சொன்னார். அதுவே என் ஆய்வேட்டின் உயிர்நாடியான அத்தியாயம் ஆனது. கருத்தரங்கில் அதைப் பேசிவிட்டால் அடுத்தது பட்டம்தான்.

முந்தின நாள் ஒத்திகை. கூட்ட அறையில் மாமா, நான், மரபணுக்களைப் படிக்கும் கருவியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா. அக்காவுக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் குத்தூசி.

"மொதல்ல இதப் போடு. ஜனங்க அசந்துடணும்" என்று மாமா தன் கைபேசியிலிருந்த வீடியோவைத் திரையில் ஓட விட்டார்.

கண்ணாடித் தட்டில் உப்புநீர். அதன் தலைமேல் மஞ்சள் மேசை விளக்கு. புழுக்கள் நெளிந்தன, சுருண்டன, விரிந்தன. பின்னால் என் கையெழுத்தில் 'சீலா' என்று ஒட்டிய குப்பிகள், காலியாக. மாமாவின் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்ச நேரம் விடுவோம். சூடு ஏற ஏற என்னமா ஆடுது!"

நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன்.

"சார், இந்தப் புழுவெல்லாம் அப்புறம் எங்க போச்சு?"

"எங்க போகும்? உன் டியூப்லதான் போட்டேன். வீணாக்குவேனா?"

"எப்போ போட்டீங்க?"

"டீ குடிச்சுட்டு வந்து."

அக்கா பேனாவை மூடினார். "பலே. அப்போ இத்தன நாளா நாம அளந்தது சீலாவ இல்ல, வெளக்க."

"நீ சும்மா இரு. புழு புழுதான். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே!" கத்திவிட்டேன். "படகுல கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்து நான் விதியக் காப்பாத்தினேன். நீங்க நாட்டியம் பாத்தீங்களா?"

"நாளைக்கு நீ பேசற. நான் கையெழுத்துப் போடறேன். அவ்ளோதான்."

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் தம்பி முந்திக்கொண்டு பேசிவிட்டிருக்கிறார்.

"மாமாகிட்ட எதுக்குடி மல்லுக்கு நிக்கற? ஒரு வெளக்குதானே?"

"ஆமாம்மா, ஒரு வெளக்குதான். அது என் அத்தியாயத்தையே எரிச்சுடுச்சு."

"மொதல்ல பட்டத்த வாங்கு. அப்புறம் ஆசை தீரச் சண்ட போடு."

கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது! அதுதான் என் ஆத்திரத்தைக் கிளறியது. அந்தப் பட்டத்தை எந்த முகத்தோடு சுவரில் மாட்டுவது?

மறுநாள் அரங்கில் மாமா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டபடியே வீடியோவை முதலில் போட்டேன். ஒலியைக் கூட்டிப் போட்டேன். ஆட்டத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள்.

"இதில் ஆடும் புழுக்கள்தான் பிறகு குப்பிக்குள் போயின," என்றேன். "சூரைப் புழுக்கள் நேராகத் திரவத்துக்குப் போனவை. இவை விளக்குச் சூட்டில் கிடந்துவிட்டுப் போனவை. ஆகவே நான் காட்ட வந்த வேறுபாடு மீனால் வந்ததா, விளக்கால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

சிரிப்பு நின்றது. மாமாவின் கால் கீழே இறங்கியது.

வெளியே நடைவழியில் என்னை மறித்தார். "சொந்த மாமன நடுச்சபையில... உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"டீ குடிக்கப் போயிருந்தேன்னு சொல்லுங்க, சார்."

"இனிமே என் கையெழுத்து உனக்குக் கெடையாது. வீட்டுப் பக்கமும் வராத."

"சரிங்க, சார்."

பயம் கொஞ்சம் இருந்தது, மிச்சமெல்லாம் கோபம். அவர் போன பிறகும் அது இறங்கவில்லை. வழிகாட்டி இல்லை, அத்தியாயம் இல்லை, அம்மா பேசுவாளா என்பதும் தெரியவில்லை.

குத்தூசி அக்கா படிக்கட்டில் காத்திருந்தார். "மாடில இன்னொரு பேராசிரியர் இருக்காங்க. சிடுமூஞ்சி. ஆனா மீன் அறுக்கறப்போ செல்போன வெளிய வச்சுட்டு வருவாங்க. கேட்டுப் பாக்கறியா?"

"கேக்கறேன்."

"சீலா இப்பவும் கெடைக்குது. இந்தத் தடவ கரையில வேணாம்."

"படகுலதான் அறுப்பேன்," என்றேன். "வாந்தி வந்தா வரட்டும்."