நாலு வாசல் கல்லூரி

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் எங்கள் அம்மா வேலுத்தாய் முதலில் வாசலைத்தான் பார்ப்பாள். எத்தனை வாசல், கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, குறுக்கே என்ன கிடக்கிறது. கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவள் மட்டும் கடைசி வரிசையில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று பிறகு எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. அங்கே ஒவ்வொரு அறைக்கும் நாலு வாசல். கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். சத்தம் கேட்டால் செருப்பைத் தேடாதே, எதையும் எடுக்காதே, பக்கத்து வாசல் வழியாக ஓடு. இதை நானும் என் தங்கச்சி சினேகாவும் அ, ஆவுக்கு முன்னால் படித்தோம். ஒரு சீசனில், பக்கத்து அறை அய்யம்மாள் அக்கா வெளியே ஓடி வந்தவர், தூக்குவாளியை எடுக்கத் திரும்பினார். அம்மா அந்தக் கதையை அதற்கு மேல் சொல்வதில்லை.

சினேகா பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்கணும் என்றாள். அது நடக்காவிட்டால், காலையில் தெருமுனைக்கு வருகிற கம்பெனி வேனில் அம்மாவோடு அவளும் ஏற வேண்டியதுதான். அம்மாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. அப்பா லாரியில் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்ததால், கல்லூரி தேடப் புறப்பட்டது மூன்று பேர். படிக்கப்போகிறவள் ஒருத்தி. பி.காம். மூன்றாம் வருஷம் என்பதால் விவரம் தெரிந்தவனாகக் கருதப்பட்ட நான். கட்டடத்தைச் சோதிக்க அம்மா.

விருதுநகரில் முதலில் பார்த்த கல்லூரி ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. பிள்ளைகளைத் தினமும் ஆஸ்பத்திரி வார்டுக்கு வேலை பழகக் கூட்டிப் போகிறார்கள் என்று அங்கே படிக்கிற எங்கள் தெரு பாண்டிமீனா சொல்லியிருந்தாள். நல்ல கல்லூரிதான். ஆனால் ஒரே படிக்கட்டு, அதுவும் குறுகல். அம்மா பாதி ஏறியதும் நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"மேல ஒன்னுன்னா அம்புட்டு பிள்ளைகளும் இதுல எப்படிலே எறங்கும்?"

விவரம் தெரிந்தவன் முதல் ஆளாகத் திரும்பினான். இறங்கிவிட்டோம்.

இரண்டாவது கல்லூரி சிவகாசி ரோட்டில், ஒரு பழைய குடோன். மாடியே கிடையாது. பெரிய கூடம், நாலு பக்கமும் வாசல். செருப்பை முன்வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போன அம்மா ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளிப்பக்கம் திறந்தது. நான் பாஸான அன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை. சினேகாவின் கையிலிருந்த சான்றிதழ் பையைத் தானே வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவோரம் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேஜைக்குப் பின்னால் நிர்வாகி கற்பகவல்லி மேடம் இருந்தார். கூடத்தின் நடுவே ஒரு கட்டில். கட்டிலில் பிளாஸ்டிக் நோயாளி ஒருவர் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் இல்லை. விபத்தா என்று விசாரித்தேன். போன பேட்ச் பிள்ளைகள் கட்டுப்போடும்போது கழன்றுவிட்டது என்றார் மேடம்.

எனக்குப் பயம் வந்தால் கொட்டாவி வரும். வந்தது.

பிராக்டிக்கல் எந்த ஆஸ்பத்திரியில் என்று சினேகா கேட்டாள். ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்றார் மேடம். எப்போதிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது என்று நான் கேட்டேன். தம்பி ரொம்பக் களைப்பாக இருக்கிறார், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கூட வந்த சினேகா அவளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். ஊசி போட்டிருக்கிறீர்களா அக்கா என்று கேட்டாள்.

"அந்தப் பொம்மைக்குப் போட்டுருக்கேன்" என்றாள் அந்தப் பெண். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டாம் வருசம் முடியப் போவுது. இன்னும் ஒரு மனுசனுக்கு நாடி பிடிச்சுப் பாத்ததில்ல. விட்டுட்டுப் போயிறலாம்னா, ஒரிஜினல் பூராம் அந்தா பீரோவுக்குள்ள கெடக்கு."

திரும்பிப் பார்த்தோம். மேடம் சினேகாவின் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் பீரோ திறந்திருந்தது. எனக்கு அடுத்தடுத்துக் கொட்டாவி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் காதோடு சொன்னேன். அவள் அசையவில்லை.

"பொம்மைன்னா என்னலே. பொம்ம வெடிக்காது."

சினேகா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எம்மா, இங்கன படிச்சா என்னைய எந்த ஆஸ்பத்திரியிலயும் வேலைக்குச் சேக்க மாட்டாக. ரெண்டு வருசம் கழிச்சு ஒங்க வேனுலதான் வந்து ஏறணும்."

அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் பட்டாசின் வெள்ளி மருந்து போகாத விரல்கள். பிறகு, மடியில் கிடந்த சினேகாவின் கையைப் பார்த்தாள். கிளம்புங்க என்றாள்.

பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்த பிறகுதான் பை உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அம்மா எங்களோடு இல்லை. எதையும் எடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தவள் திரும்பி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

அது கல்லூரி, அங்கே எதுவும் வெடிக்காது என்று எனக்குத் தெரியும். என் கொட்டாவிக்குத் தெரியவில்லை. சினேகா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "எம்மா, வந்துருங்க" என்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அம்மா மேஜைமேல் கிடந்த பையை எடுத்தாள். பதிவு செய்தாகிவிட்டது, அதை வைத்துவிட்டுப் போங்கள் என்றார் மேடம். அம்மா பையோடு நடந்தாள். மேடம் எழுந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவர் ஓடிவந்து ஒரு வாசலை மறித்து நின்றார். மீதி மூன்று இருந்தன.

எங்கள் செருப்பு முன்வாசலிலேயே கிடந்தது. யாரும் தேடவில்லை. கொதிக்கிற தார்ரோட்டில் பஸ் ஸ்டாப்வரை ஓடினோம். பஸ்ஸில் பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். சினேகா பார்த்தாள். இருந்தது. அதைக் கேட்ட பிறகும் பையை மறுபடி வாங்கி அணைத்துக்கொண்டாள்.

விருதுநகரில் இறங்கியதும், யாரும் சொல்லாமலே அம்மா ஜவுளிக்கடையை நோக்கி நடந்தாள். மாடிப்படியின் அடியில் கடைக்காரர்கள் துணிப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஒருக்களித்துத்தான் ஏற முடிந்தது. அம்மா சுவரைப் பிடித்து இரண்டு படி ஏறினாள். மூன்றாவது படிக்குக் கால் எழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்க. நான் இங்கன இருக்கேன்."

பையைச் சினேகாவின் கையில் கொடுத்தாள். நாங்கள் ஏறினோம். சினேகா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கீழே பார்த்தாள். நான் கொட்டாவி விட்டபடியே போனேன். கீழே பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. எதுக்கும்மா இதையெல்லாம் நகத்துறீக என்று கடைக்காரர் அதட்டினார்.

"மேல எம் பிள்ள படிக்கா. வழிய மறிச்சு அடுக்காதீக."

நாங்கள் இன்னும் இரண்டாவது மாடியைக்கூடத் தாண்டவில்லை.